அளவுக்குள் வராத நகரம்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற 1/72 மாதிரியில், பி-29 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 60 சென்டிமீட்டர். ரிவெட் வரிசை, அலுமினியப் பளபளப்பு, மூக்கருகே 'எனோலா கே' என்று விமானியின் தாயார் பெயர் — எதிலும் பிசகு கூடாது. துல்லியம்தான் இங்கே அறம். சரி, அந்தத் துல்லியத்தையே பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்குவோம்.

1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தது ஏறத்தாழ 9,500 மீட்டர் உயரத்திலிருந்து. அதே கணக்கில், மாதிரிக்கு 130 மீட்டர் கீழே ஹிரோஷிமா இருக்க வேண்டும். அங்கே ஒரு மனிதர் ரெண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது மதிப்பீடு. பெட்டிக்குள் இவர்களுக்கு அச்சு கிடையாது. விமானத்தின் தோலோடு துல்லியம் நின்றுவிடுகிறது.

பொழுதுபோக்குக்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1995 கண்காட்சிக்கு, அசல் விமானத்தோடு ஹிரோஷிமாவில் எரிந்த பொருள்களையும் வைக்கத் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். பொருள்கள் போயின, விமானத்தின் உடற்பகுதி நின்றது. மற்றமையைக் கத்தரித்து எறிந்ததும் அசலே மாதிரியாகிவிட்டது.

இந்த விமானத்தை அளக்கிறவர் அந்த 130 மீட்டரையும் சேர்த்தே அளக்கட்டும்.