கேக் பெட்டியில் இரண்டு எழுத்து

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்குக் கோயில், கேக்குக்கு மண்டபம் என்று ஆகி நாளாயிற்று. கேக்கின் வெள்ளைத் தட்டுகளின் முகப்பில் மணமக்களின் முதலெழுத்துகள் தங்க நிறத்தில் பின்னிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் இப்போது எழுதாத சட்டம். கேக் ருசியைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. அந்த எழுத்தை யாரும் சீர்தூக்கிப் பார்ப்பதில்லை.

அது எதன்மேல் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் நாட்டுக் கல்யாணக் கேக்கின் தட்டுகளில் பெரும்பாலானவை ஐசிங் பூசிய ரெஜிஃபோம். பல கடைகளில் அவற்றை வாடகைக்கே தருகிறார்கள். வெட்டுவதற்கு ஒரு தட்டு மட்டும் நிஜம். ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் பிளம்ஸும் சேர்ந்த அசல் கேக், துண்டு துண்டாகச் சின்னப் பெட்டிகளில் விருந்தினர் கைக்குப் போகிறது. மேடையில் மின்னிய எழுத்து அன்றிரவே கடைக்குத் திரும்பிவிடும். லயத்து வீட்டு அலமாரியில் சில வாரமாவது இருக்கப்போவது பெட்டிமேல் அச்சான எழுத்துதான். ஆகவே வரைய வேண்டியது பெட்டிக்கு. இரண்டங்குல மூடியில் தெளிவாக நிற்பது கேக்கின் முகப்புக்குப் பெருக்கினாலும் நிற்கும். மேடைக்கென்று வரைந்த கொடிச் சிக்கலைப் பெட்டிக்குச் சுருக்கினால் மைக்கறைதான் மிஞ்சும்.

அடுத்து, எத்தனை எழுத்து? மேல்நாட்டு வழக்கப்படி நடுவில் பெரிதாகக் குடும்பப் பெயரின் எழுத்து, இரு பக்கமும் அவள் எழுத்தும் அவன் எழுத்தும். நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அது இருவருக்கும் வேறு வேறு. மாப்பிள்ளை வீட்டு எழுத்தை நடுவில் போட்டால் கல்யாணம் மாமனாருடையதாகிவிடும். குடும்பப் பெயர் இல்லையே என்று குறைபடவும் தேவையில்லை. விக்டோரியாவின் முத்திரை வி.ஆர்.; விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா அரசி, அவ்வளவுதான். 2022இல் வெளியான சார்ல்ஸ் மன்னரின் முத்திரையிலும் சி, ஆர், மூன்று என்ற ரோம எண். அரண்மனையும் சொந்தப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. மூன்றெழுத்து அமைப்பை இங்கே தள்ளிவிடலாம்.

மிச்சம் இரண்டெழுத்து. ஆங்கிலத்திலா, தமிழிலா?

ஆங்கிலத்தின் பக்கம் நியாயம் உண்டு. ஏ, எம், வி, எச் போன்றவை இடமும் வலமும் ஒத்தவை, பின்னுவதற்கு வசதி. கடைகளில் அச்சு தயாராக இருக்கும். சிங்கள நண்பர்களும் படிப்பார்கள். ஆனால் தர்ஷினியின் எழுத்து டீயா (T), டியா (D)? புவனாவுக்கு பீயா (P), பியா (B)? பிறப்புப் பத்திரத்தில் யார் எப்படி எழுதிவைத்தார்களோ அதுவே எழுத்தாகிறது. மணமகளுக்கு அவளுடைய அம்மா ஒருநாளும் கூப்பிடாத ஓர் ஒலியைக் கேக்கில் ஏற்றுகிறோம். (ஓவியாவும் பிரபுவும் ஆங்கிலத்தில் எழுத்தைச் சேர்த்தால் ஓ.பி. தேயிலை ஃபெக்டரிக்காரர்கள் விடுவார்களா? ஆரஞ்சு பீக்கோ!)

தமிழுக்கு எதிரான வாதமும் லேசானதல்ல. நம் எழுத்துகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தவை. க, த, ஜ, ஷ ஆகியவற்றில் மூடிய சுழிகள், சிறிதாக்கினால் அடைந்துபோகும். கணினியில் கிடைக்கும் பாமினி எழுத்துருவை அப்படியே எடுத்து ஒட்டினால் மரண அறிவித்தல் போலிருக்கும். உயிர்மெய்க் குறியை வெட்டிவிட்டு சுரேஷுக்கு வெறும் ‘ச’ போடுவதும் சரியாகாது. அந்தப் பெயர் ‘ச’வில் தொடங்கவில்லை.

பலரும் இடைஞ்சலாக நினைக்கும் அந்தக் குறியில்தான் வடிவமே இருக்கிறது என்பது என் கட்சி. ஜெர்மானிய ஓவியர் டியூரர் தன் முத்திரையில் ஏ என்ற எழுத்தின் கால்களை அகட்டி, அவற்றுக்கிடையில் டியை நிறுத்தினார். ஓர் எழுத்து மற்றதற்கு இடம் கொடுத்தது, எதுவும் திருகப்படவில்லை. தமிழில் அந்த இடத்தை எழுத்தின் உடம்பில் தேடக்கூடாது. பிரியாவையும் சுரேஷையும் எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் ‘பி’, வலப்பக்கம் ‘சு’. ‘பி’யின் விசிறி வலப்பக்கம் வளைந்து ‘சு’வுக்குமேல் கூரையாகும். ‘சு’வின் வால் கீழிறங்கி, இடப்பக்கம் திரும்பி ‘பி’க்கு அடியில் கோடாகும். இரண்டும் சேர்ந்து ஒரு வட்டத்தை முடிக்கின்றன. வட்டம் தனியாக வரைய வேண்டாம், இதயமும் வேண்டாம். யார் பெயர் முதலில் என்ற வீட்டுச் சண்டையையும் எழுத்தே தீர்த்துவிடும்.

இரட்டை இலையும் மொட்டும் போடலாமே என்பார்கள். கூடாது. கொழுந்து நிறுக்கிற தராசைக் கல்யாண நாளிலும் பார்க்க வேண்டுமா? தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வந்திருந்தால் எந்தக் கட்சி என்றும் கேட்பார்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆடியைத் தள்ளிவைத்தாலும் வைகாசி, ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் தென்மேல் பருவமழைக்குள்தான் வருகின்றன. ஈரக் காற்றில் முட்டை வெள்ளையும் ஐசிங் சீனியும் சேர்த்துப் பிழிந்த மெல்லிய எழுத்து காய நேரமெடுக்கும். காய்ந்ததும் தோட்டப் பாதை வளைவுகளில் வேன் குலுங்கும்போது முறியும். ஃபொண்டன்ட் மாவைத் தடிப்பாக வெட்டி ஒட்டுவதே நம்பகமானது. அதற்கும் கோடு தடிப்பாக, இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். பெட்டி அச்சு கேட்பதும் அதையேதான்.

ஆக, குறியோடு கூடிய இரண்டு தமிழ் எழுத்து, ஒரே நிறம், கீழே தேதி: என் வாக்கு இதற்கே. எல்லாப் பெயருக்கும் இது பலிக்காது. ‘செ’யும் ‘கோ’வும் சந்தித்தால் இரண்டு கொம்பும் ஒரு காலும் சேர்ந்து வேலி நட்டதுபோல் நிற்கும், ‘ஜ’வும் ‘ஷ’வும் சேர்ந்தால் மூடியில் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட ஜோடிகள் முத்திரை ஆசையை விட்டுவிட்டு, இரண்டு பெயரையும் முழுதாக, ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துக்கு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.