கழித்தல் தெரியாத மூன்று பிள்ளைகள்

ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே அளவு தெரிந்திருக்காது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் இதை ஒப்புக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. பெயர்கள் அழகுதான், எது கடைசி என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும்.

செயல்வழிக் கற்றலில் எனக்குப் பிடித்தது, வராத நாட்களுக்காக அது பிள்ளையைத் தண்டிக்காததுதான். பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பும் சிறுமி, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள கிராமப் பள்ளிக்கு இதைவிடப் பொருந்தும் ஏற்பாடு கிடைப்பது அரிது.

ஆனால் அட்டைகள் படிப்படியாக அமைந்த ஏணி எல்லோருக்கும் ஒன்றே. ஏறும் வேகத்தில் மட்டும்தான் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. சிக்கல் இங்கேதான். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்றதை நம்பி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. இன்னொன்று எதுவும் எழுதவில்லை. 52-க்குள் ஐந்து பத்துகள் இருப்பதே அதற்குத் தெரியாது. மூன்றாவதும் எழுதவில்லை. ஆனால் 52 ரூபாயில் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டால், 25 என்று பட்டென்று சொல்லும். முதல் பிள்ளையிடம் தவறாகப் பதிந்த விதியைக் களைய வேண்டும். இரண்டாவதுக்குப் பத்துப்பத்தாகக் கட்டிய குச்சிகள் வேண்டும். மூன்றாவதுக்கு, மனக்கணக்கைத் தாளில் எழுதக் கற்றுத்தந்தால் போதும். மூவரையும் நாம் ஒரே குழுவில் உட்காரவைக்கிறோம்.

மூன்றாவது பிள்ளை என் கற்பனை அல்ல. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றியது. சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனத்திலேயே போட்டவர்கள், பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தையை அறியாத பள்ளிப் பிள்ளைகளோ நேர்மாறாகத் திணறினார்கள். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்க வைக்கும் படிநிலைத் தேர்வு, பிள்ளையிடம் இல்லாததைத்தான் கணக்கெடுக்கிறது. ஏற்கெனவே கையில் இருப்பது அதன் கண்ணில் படுவதில்லை.

அதற்காகப் பிரிப்பதையே கைவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2012-13-இல் ஹரியானா அரசுப் பள்ளிகளில், பிரதம் அமைப்பின் முறைப்படி, தினமும் ஒரு மணி நேரம் வகுப்புகளைக் கலைத்து, வாசிப்புத் திறனுக்கேற்பக் குழுக்களாக்கி இந்தி கற்பித்தார்கள். பலன் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்பிவிடும் என்பதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. நாள் முழுக்க அரும்பாகவே உட்கார்ந்திருப்பவனுக்கு மலரில் நடக்கும் பேச்சு காதில் விழ வழியே இல்லை.

அந்த மூன்று பிள்ளைகளின் வேறுபாட்டைக் கண்டறிய, ஒவ்வொரு பிள்ளையிடமும் "எப்படிப் போட்டே?" என்று கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில்தான் மதிப்பீட்டு விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றச் சொல்கிறோம். மதிப்பெண்ணில் 35-க்கும் பூஜ்யம், வெற்றிடத்துக்கும் பூஜ்யம்.