க்ளோனாஸ் மெலிந்த ஆண்டுகள்

சமூகம் நிலைகுலைந்தால் ஜிபிஎஸ் என்ன ஆகும் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. செயற்கைக்கோள் வானத்தில்தானே இருக்கிறது, தரையில் எது நடந்தால் அதற்கென்ன என்பார்கள் சிலர். மறுநாளே எல்லாம் அணைந்துவிடும் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. இதற்கு ஊகமும் வேண்டாம். ஒரு வல்லரசு உடைந்தபோது அதன் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்கு நேர்ந்த கதி பதிவாகியே இருக்கிறது.

க்ளோனாஸ் அமைப்பின் முதல் ஏவுதலைச் சோவியத் ஒன்றியம் 1982 அக்டோபரில் நடத்தியது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போன பிறகும் வேலை நிற்கவில்லை. 1995 டிசம்பரில் ரஷ்யா 24 செயற்கைக்கோள்கள் என்ற முழு எண்ணிக்கையை எட்டிப் பிடித்தது. சரிவு அதற்குப் பிறகுதான். அந்தத் தலைமுறைச் செயற்கைக்கோளுக்கு வடிவமைத்த ஆயுள் மூன்றே ஆண்டு. அப்படியானால் ஆண்டுக்கு எட்டு புதிதாக மேலே போனால்தான் 24 நிலைக்கும். ஒரு புரோட்டான் ராக்கெட் மூன்றைச் சுமந்து செல்லும். ஏவுதளமான பைக்கனூர் இப்போது கஜகஸ்தானின் மண். அதற்குக் குத்தகை கட்ட வேண்டும். கஜானாவோ காலி. 1995 டிசம்பருக்கு அடுத்த ஏவுதல் 1998 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் ரஷ்ய அரசு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த அதே ஆண்டில். 2001 வாக்கில் உயிரோடு இருந்தவற்றை ஒற்றை இலக்கத்தில் எண்ணிவிடலாம். இருப்பிடம் கணிக்க ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே தெரிய வேண்டும் என்பதால், நாளின் பெரும்பகுதியில் அந்த அமைப்பால் பயனே இல்லை. மீண்டும் 24-ஐத் தொட 2011 வரை ஆயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, ராக்கெட்டின் மேலடுக்கில் அளவுக்கு மீறி எரிபொருள் நிரப்பிவிட்டதால் மூன்று புதிய செயற்கைக்கோள்கள் பசிபிக் கடலில் விழுந்தன.

யாரும் க்ளோனாஸைச் சுட்டு வீழ்த்தவில்லை. பட்ஜெட்டில் பணம் இல்லை, அவ்வளவுதான். அழிவு இப்படி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு வந்தால் யாரும் அலறுவதில்லை என்பதே எனக்கு இதில் அச்சம் தருகிறது.

ஜிபிஎஸ்ஸின் நிலைமை இதைவிட எவ்வளவோ மேல். அதன் செயற்கைக்கோள்கள் உழைப்பாளிகள். 1997-இல் ஏவிய ஒன்று 25 ஆண்டுகளைத் தாண்டியும் வேலை செய்தது. தேவை 24 என்றால், சுற்றிக்கொண்டிருப்பவை ஏறக்குறைய 30. சில பழுதானாலும் சமாளிக்கலாம். கையில் இருக்கும் கருவி கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. ஆகவே செல்போன் கோபுரம் சாய்ந்தாலும், இணையம் அறுந்தாலும், பேட்டரி இருக்கும்வரை அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கும். குழப்பத்தின் முதல் வாரங்களில் இவ்வளவு துணை நிற்கும் கருவி வேறு அதிகம் இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காதவருக்கு மட்டும் அது வெறும் எண்ணாகவே நிற்கும்.

ஆனால் செயற்கைக்கோளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. அதைத் தரையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். உலகெங்கும் உள்ள கண்காணிப்பு நிலையங்கள் அளந்து அனுப்புவதை வைத்து, கொலராடோவில் உள்ள ஷ்ரீவர் தளத்தில் சுற்றுப்பாதையையும் கடிகாரப் பிழையையும் கணித்து, அன்றாடம் மேலே ஏற்றுகிறார்கள். செயற்கைக்கோளில் உள்ள அணுக்கடிகாரமும் மெல்ல மெல்ல விலகத்தான் செய்யும். சிக்னல் வர எடுக்கும் நேரத்தை வைத்தே தூரம் கணிப்பதால், ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். தரைத் தொடர்பு அறுந்தாலும் ஒன்றோடொன்று பேசி 180 நாள் தாக்குப்பிடிக்கும்படி ஒரு தலைமுறைச் செயற்கைக்கோள்களை வடிவமைத்தார்கள். அது ஏட்டில் உள்ள இலக்கு. நிஜத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவின் கலிலியோ நல்ல சாட்சி. 2019 ஜூலையில் அதன் செயற்கைக்கோள்கள் நலமாகவே சுற்றின. தரையில் கணிக்கும் அமைப்பு பழுதானதால் ஏறத்தாழ ஒரு வாரம் சேவை இல்லை. நாடுகளில் அமைதி நிலவிய, சம்பளம் தவறாமல் வந்த, கைதேர்ந்த பொறியாளர்கள் பக்கத்திலேயே இருந்த காலத்தில் நடந்தது இது.

மௌனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொய்யைப் பொறுக்க முடியாது. 2014 ஏப்ரல் 2-ஆம் தேதி க்ளோனாஸ் செயற்கைக்கோள்களுக்குத் தவறான சுற்றுப்பாதைத் தரவு ஏறிவிட்டது. ஒவ்வொன்றும் தரை நிலையத்துக்கு மேலே வரும்வரை காத்திருந்துதான் திருத்த முடிந்தது. சுமார் 11 மணி நேரம் அமைப்பு முழுதும் வழிதவறிப் பேசிக்கொண்டிருந்தது. நிலைகுலைந்த நாட்டில் அதைத் திருத்த யார் உட்கார்ந்திருப்பார்? திரையில் தெரியும் புள்ளிக்குத் தயக்கம் என்பதே கிடையாது, சரியாக இருக்கும்போதும் பிழையாக இருக்கும்போதும் ஒரே மாதிரிதான் ஒளிரும். சுமார் 20,200 கிலோமீட்டர் தாண்டி வரும் சிக்னல் மிக மெலிந்தது என்பதால், வேண்டுமென்றே அதை அமுக்குவதும் எளிது. 2024-இல் இந்தத் தொல்லையால் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்டோனியாவின் தார்த்து நகருக்கான விமானங்களை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது.

அமெரிக்கா தன் லோரான்-சி என்ற வழிகாட்டி வானொலி நிலையங்களை 2010-இல் மூடியதைப் பெரும் தவறு என்றே சொல்வேன். தரையிலிருந்து பலமாக ஒலிபரப்பும் அந்த அமைப்பை அமுக்குவது கடினம். ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்ற செலவுக் கணக்கில் அது போயிற்று. அதே நாட்டின் கடற்படைக் கல்விக்கூடம், கைவிட்டிருந்த விண்மீன் வழிகாட்டலை 2015-இல் மறுபடி பாடத்தில் சேர்த்தது. விண்மீனின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவிக்கு மின்சாரமும் வேண்டாம், கொலராடோவும் வேண்டாம். தெளிந்த வானமும், சரியான நேரம் காட்டும் கடிகாரமும், விண்மீன் அட்டவணையும், பழகிய கையும் போதும். ஓரிரு மைல் பிழையோடு இடத்தைச் சொல்லிவிடும். நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்கு அது தாராளம். நோயாளியை ஏற்றிக்கொண்டு தெருப் பெயர் தேடும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை; அவருக்கு வேண்டியது அச்சடித்த தெரு வரைபடம். பல ஊர்களில் இன்று அதை வாங்கக்கூட இடமில்லை.