பெயரும் பேரேடும்: நிரற்களஞ்சியக் கணக்கு பற்றிய ஒரு நோக்கு

உழைப்பின் வரலாற்றை ஆராய்வோர், அவ்வுழைப்பை யார் பதிவு செய்தார், அப்பதிவு யாருடைய கையில் இருந்தது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையையே ‘பேர்’ என வழங்குவர். காலையிற் பெரட்டுக்குச் சென்று, குறித்த அளவு கொழுந்து பறித்தவளுக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். அளவு குறையின் அரைப்பேர். ஒருத்தியின் பெயரும் அவளது நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கு, பதிவேட்டின் வல்லமையை நன்கு உணர்த்துவதாகும். இன்று ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து கணினி நிரல் எழுதும் இளைஞர், கிட்ஹப் போன்ற தளங்களிலே தமக்கெனக் கணக்குத் திறக்கின்றனர். அக்கணக்கைப் பேணுதல் வெறும் தொழில்நுட்ப அலுவலெனக் கருதப்படுகின்றது. அதுவும் ஒரு பேரேடே. அம்முறையிலேயே அது மதிப்பிடப்படல் வேண்டும்.

இவ்விடத்து இரண்டு பொருள்களை வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். ஒன்று, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய கிட் என்னும் கருவி. ஒரு களஞ்சியத்தை முழுமையாகப் பிரதி செய்த எவரிடத்தும் அதன் வரலாறு முழுவதும், எவ்வரியை யார் எப்போது எழுதினார் என்பது உட்பட, இருக்கும். செக்ரோலின் முழுப் பிரதியொன்று ஒவ்வொரு லயத்து வீட்டிலும் இருந்திருப்பின் தோட்டத்தின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என எண்ணிப் பார்த்தால் இதன் சிறப்புப் புலப்படும். மற்றையது, அக்கருவியின்மீது 2008 இல் எழுந்த கிட்ஹப் என்னும் நிறுவனம். 2018 இல் மைக்ரோசொப்ட் இதனை 750 கோடி டொலருக்கு வாங்கியது. கணக்கு என்பது இந்த இரண்டாவதற்கே உரியது. பயனர் பெயர், எழுதும் உரிமை, பிழைகள் பற்றிய உரையாடல், பிறர் அளித்த நட்சத்திரங்கள் ஆகியன நிறுவனத்தின் கையிலுள்ளவை; களஞ்சியத்தைப் பிரதி செய்வதனால் இவை நம் கைக்கு வந்துவிடா.

கணக்கின் முகப்பிலே பச்சைக் கட்டங்களாலான ஆண்டு நாட்காட்டி ஒன்றுண்டு. அதனை நாம் புதிய செக்ரோல் எனலாம். அங்கும் பேர் விழுவதற்கு விதிகள் உள. கமிட் எனப்படும் பதிவிலுள்ள மின்னஞ்சல் முகவரி கணக்கோடு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பதிவு களஞ்சியத்தின் முதன்மைக் கிளையைச் சேர்ந்திருத்தல் வேண்டும். பிறர் களஞ்சியத்திலிருந்து பிரித்தெடுத்த பிரதியிலே செய்த பதிவு, மூலத்தோடு சேரும்வரை எண்ணப்படாது. அருகிலிருந்த நண்பனுக்கு இரவிரவாக விளக்கிக் கொடுத்த உழைப்புக்கு அங்கே கட்டமே இல்லை. இடைவிடாது எத்தனை நாள் உழைத்தார் எனக் காட்டிய எண்ணிக்கையை நிறுவனமே 2016 இல் நீக்கிவிட்டது. இருந்தும், பச்சைக் கட்டங்களைக் கொண்டு ஒருவரின் தகைமையை அளக்கும் மனப்பாங்கு நீங்கவில்லை. எண்ணத்தக்கது மட்டுமே உழைப்பு என்னும் கங்காணிப் பார்வையின் எச்சமே இது.

பெயரின் நிலையும் நோக்கற்பாலது. காட்சிப் பெயரைத் தமிழில் எழுதலாம். ஆயின் பயனர் பெயரோ உரோம எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றாலேயே அமைதல் வேண்டும். அதனை மாற்றின் பழைய பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. கணக்கை அழித்தால் அதன்கீழ் உள்ள களஞ்சியங்களும் அழியும். பிறர் களஞ்சியங்களில் அவர் எழுதிய கருத்துகள் எஞ்சினும், எழுதியவர் இடத்தில் ‘கோஸ்ட்’, அதாவது ஆவி, என்ற பொதுப்பெயரே நிற்கும்.

இழப்பு பயனரின் விருப்பாலன்றியும் நேரும். 2023 முதல் நிரல் பங்களிப்போர்க்கு இரு படி உறுதிப்பாடு படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. கைப்பேசி தொலைந்து, மீட்புக் குறியீடுகளும் இல்லையாயின் கணக்கை மீட்பது அரிது. 2019 இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்த பயனர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. ஈரானியருக்கு 2021 இலேயே முழுச் சேவை மீண்டது. அவர்களது குற்றம் யாது? அவர்கள் இருந்த இடமே.

இதனை மலையக அனுபவத்தோடு ஒப்பிடுதல் மிகையெனச் சிலர் கூறலாம். கங்காணிக்குரிய கடனைச் சுமந்து, தொழிலாளியை ஒரு தோட்டத்திலேயே கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. இத்துன்பங்களுக்கும் ஒரு கணக்கை இழப்பதற்கும் அளவில் ஒப்புமை இல்லை, அது மறுக்கப்படுவதற்கில்லை. ஆனால் ஒருவர் இன்னார் என்பதற்கான சான்று முழுவதும் மற்றொருவரின் ஏட்டிலேயே இருப்பது ஆபத்தானது என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது. அப்பாடத்தை விலைகொடுத்துக் கற்ற சமூகத்தின் பிள்ளைகள் அதனை மறத்தலாகாது.

அவ்வாறாயின் தளத்தையே புறக்கணிப்பதா? அன்று. கூட்டுழைப்பும் தொழில்வாய்ப்பும் அங்கேயுள. வேண்டுவது விழிப்பான நிருவாகம். பல்கலைக்கழக மின்னஞ்சல் பட்டத்தோடு முடிந்துவிடக்கூடும். ஆதலின் சொந்த முகவரியை முதன்மையாக்கி மற்றையதைத் துணையாக இணைத்தல் நன்று. மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவைத்தல் வேண்டும். களஞ்சியங்களின் பிரதி தளத்துக்கு வெளியே ஓரிடத்திலாவது இருத்தல் வேண்டும். ஒரு சங்கத்தின் ஆக்கம் ஒரு மாணவரின் தனிக்கணக்கில் இருப்பின், அவர் விலகியதும் அது அநாதையாகும்; அதனை நிறுவனக் கணக்கில் வைத்து, உரிமையாளர் இருவரையேனும் நியமித்தல் தகும். ஓப்பன்-தமிழ் என்னும் நிரற்றொகுதி எழில் மொழி அறக்கட்டளையின் பெயரிலான நிறுவனக் கணக்கிலே வைக்கப்பட்டமை இதற்கு நல்ல முன்மாதிரி.

பதிவைத் தன் கையிலும் வைத்திருக்கும் வாய்ப்பு தோட்டத்துப் பாட்டிக்குக் கிட்டவில்லை. பேரனுக்கு அது கிட்டியுள்ளது. அதனைப் பயன்படுத்தாது பச்சைக் கட்டங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருத்தல், செக்ரோலைத் தாமே விரும்பி மீண்டும் பிறர் கையில் ஒப்படைப்பதாகவே முடியும்.