அம்புலியும் வெருளியும்

தமிழிற் குழவிப் பருவத்தை முறைப்பட வகுத்துப் பாடும் இலக்கியம் பிள்ளைத்தமிழாகும். காப்பு முதலாய பத்துப் பருவங்களை 3ஆம் மாதந் தொடங்கி 21ஆம் மாதம் ஈறாக அமைப்பது பாட்டியல் மரபு. 5ஆம் மாதத்திற் கையூன்றித் தலைநிமிர்ந்தாடுதல், 9ஆம் மாதத்திற் கைகொட்டுதல், 13ஆம் மாதத்தில் தளர்நடையிட்டு வருதல் என உடலின் வளர்ச்சியை அது நுணுகிக் கண்டது. உள்ளத்தின் வளர்ச்சியையும் அவ்வாறு கண்டதோ என்பதே ஆராயற்பாலது.

அம்புலிப் பருவம் இதற்கு உரைகல்லாம். பிள்ளையோடு விளையாட வருமாறு புலவர் மதியை அழைப்பர். அவ்வழைப்போ சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தின்வழி நிகழும். இஃது அரசியல் தேர்ந்த முதியோரின் அறிவு, குழவியின் சிந்தனையன்று. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் சொற்சுவையாலும் பத்திச் சுவையாலும் உயர்ந்து நிற்பினும், அதனுட் சிந்திப்பவர் புலவரேயன்றிக் குழவியல்லர்.

சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) சிறுவரை வினவி, அவர்தம் விடைகளையே சான்றாகக் கொண்டார். தாம் நடக்குந்தோறும் மதியும் உடன்வருகின்றதெனச் சிறுவர் நம்புதலை அவர் எடுத்துக்காட்டினார். தெமட்டகொடைத் தெருவில் தாயின் கைப்பற்றி நடக்கும் பிள்ளையும் அவ்வாறு கருதுதல் இயல்பே. ஏறத்தாழ 2 வயதுவரை புலனாலும் செயலாலும் அறிதல். 7 வரை உயிரில் பொருளுக்கும் எண்ணம் ஏற்றிக் காணுதல். 11 வரை கண்ட பொருளைக்கொண்டு காரணகாரியம் தேர்தல். அதன்மேற் கருத்துப் பொருளையும் ஆராய்தல் எனப் படிமுறை வகுத்தார். இவ்வயதெல்லைகள் எல்லார்க்கும் ஒருபடித்தாகா என்பது பிற்கால ஆய்வு காட்டிய திருத்தம்.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) கத்தரி வெருளிப் பாட்டு இவற்றுள் இரண்டாம் படிக்கு இயைந்தது. தோட்டத்து வெருளியை மெய்யான சேவகனாகவே விளித்துப் பேசும் அப்பாட்டிற் சிறுபிள்ளையின் உள்ளம் இயங்குகின்றது. பிள்ளைத்தமிழ் பிள்ளையைப் பாடிற்று. சோமசுந்தரப் புலவர் பிள்ளைக்காகப் பாடினார்.

பாடநூல் தொகுப்போர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. கருத்துப் பொருளைப் பற்றும் ஆற்றல் அரும்பாத வயதில் ஆத்திசூடியை நெட்டுருப் பண்ணுவித்தல் நாவிற்குப் பயிற்சியாகலாம், அறிவிற்கு ஆகாது. இளமையிற் பதிந்த சொல் பின்னர்ப் பொருள் தரும் என்பாரும் உளர். அது மெய்யாயின், அச்சொல்லை 12 வயதில் மீண்டும் எடுத்து, ஏன், எவ்வாறு என வினவுவிக்கும் ஆசிரியரும் வேண்டும். அவரின்றேல் விதை மண்ணிலேயே கிடந்து மாளும்.