குடத்துக்கு வெளியே

உத்திரமேரூர்க் கல்வெட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கவைத்த குடவோலை முறையை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைதோறும் கொண்டாடுகிறோம். யாருடைய பெயர் குடத்துக்குள் போகலாம் என்ற பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். அந்த ஊரில் ஏர் பிடித்தவருக்கு இடமில்லை. பெண்ணுக்கு இல்லையென்று சொல்லவேண்டிய தேவைகூட அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கல்வெட்டில் பெண்கள் இருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தகுதி இழப்பர் என்று ஒரு பட்டியல் வருகிறது: சிற்றன்னையின் மக்கள், அத்தையின் மக்கள், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன். ஓர் ஆணை இன்னோர் ஆணோடு இணைக்கும் கண்ணியாக மட்டுமே பெண் வருகிறாள். அதேசமயம், அதிகாரம் உறவின் வழியே கைமாறும் என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது. அதைத் தடுக்க விதியும் எழுதியது.

நம் காலம் பெண்ணின் பெயரைக் குடத்துக்குள் போட்டது. 1992இன் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தந்தது. தமிழ்நாட்டில் 2016இல் அது பாதியானது. இது சிறிய வெற்றியல்ல. மதுரை மாமன்ற உறுப்பினர் லீலாவதி சொந்தக் குரலில் பேசியவர், 1997இல் கொல்லப்பட்டார். பெண்ணின் குரலுக்கு வலிமையில்லை என்றால் அதை எதற்கு அஞ்சவேண்டும்?

என் மாணவி ஒருத்தியின் அம்மா ஊராட்சித் தலைவர். ஊரார் 'தலைவர்' என்று அழைப்பதோ அவள் அப்பாவை. "அம்மாவுக்குப் பேசத் தெரியும் மேடம். மைக்தான் அப்பா கையில இருக்கும்" என்றாள். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் நாம் அதே கண்ணிதானா? இடம் தருவதோடு மக்களாட்சி முடிந்துவிட்டதென்றால், நமக்குக் கிடைத்திருப்பது கையெழுத்துப் போடும் உரிமை மட்டுமே.

கிராம சபையில் ஊரின் வாக்காளர் எவரும் பேசலாம். அவளுக்கு வயது பத்தொன்பது. அடுத்த கூட்டத்துக்குப் போகப்போகிறாளாம். அம்மா கையெழுத்திடும் முன் தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லப்போகிறாளாம்.