நெடுங்கதையும் மலைநாட்டு வாசகரும்

பாகம் பாகமாக நீளும் மாயவீரக் கதைகளை வாசிப்பது மேனாட்டிலிருந்து நம் பிள்ளைகளுக்குத் தொற்றிய பழக்கம் என்று இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். கண்டியையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நெடுங்கதை இங்கே அச்சுக்கு முன்பே வந்துவிட்டது. 1824இல் கம்பளைக்கு அருகே கோப்பி பயிரிடப்பட்டது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை வந்தது. தோட்ட வேலைக்காகத் திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்கள் இந்த மலைகளில் ஏறியபோது காமன், அருச்சுனன், பொன்னர் சங்கர் கூத்துகளையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இவற்றுள் பொன்னர் சங்கர் கதையை நான் முதன்மையாகக் கொள்கிறேன். ஒரு காவியத் தொடருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று தலைமுறை வரலாறு, பிள்ளை வரத்துக்காகத் தாய் தாமரை செய்யும் தவம், பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்ற விதி, தங்கைக்காகக் கிளி பிடிக்கப் போய் வேட்டுவரோடு மூளும் பகை, கொம்பன் என்னும் பெரும் பன்றி, மாண்ட அண்ணன்மாரை எழுப்பும் தங்கை. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் கொங்குநாட்டில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தபோது பாடி முடிக்கப் பதினெட்டு இரவுகள் ஆயின. மலையகத்தில் இது கூத்தாகவும் சடங்காகவும் வாழ்கிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்கள் இரவெல்லாம் கண்விழித்திருந்தது எதற்காக? அண்ணன்மார் மாளப்போவது சிறு பிள்ளைக்கும் தெரியும். காமன் எரிவதும் அப்படித்தான். மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றும்போதே பௌர்ணமி இரவில் என்ன நடக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனாலும் காமனின் மனைவி ரதியின் புலம்பலுக்கு ஆண்டுதோறும் புதிதாக அழுகிறார்கள். முடிவை அறியும் ஆவலைவிட, அந்த முடிவை நோக்கி எல்லாரோடும் சேர்ந்து நடப்பதே நெடுங்கதையின் இன்பம்.

அச்சில் வந்த கதைக்கும் கண்டியே முன்னோடி. இவ்வூரில் 1838இல் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'யை இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்கிறோம். எகிப்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கும் சாகசக் கதை அது. தூர உலகம் ஒன்றைக் கட்டி அதற்குள் வாசகரைக் குடியேற்றும் ஆசையோடுதான் ஈழத்துத் தமிழ் நாவல் பிறந்தது. அதைக் குறையாகச் சொல்ல நான் ஒருபோதும் உடன்படேன்.

பிறகு கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே ஆண்டில்தான் டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' முதற்பாகம் இங்கிலாந்தில் வெளியானது. கல்கியிடம் அரக்கர் இல்லை. வால்நட்சத்திரமும் சாபமும் சதியும் அந்த இடத்தை நிரப்பின. டோல்கீன் தம் உலகத்துக்கு வரைபடம் தரவேண்டியிருந்தது. கண்டி வாசகருக்கோ, இரண்டாம் பாகத்தில் கதைநாயகன் வந்தியத்தேவன் வந்து சேரும் தம்பள்ளை, மாத்தளை வழியாக வடக்கே போகும் பாதையில் இன்றும் இருக்கிற ஊர். தொடர் முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவர் கதி என்ன என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. விடியும்வரை கூத்துப் பார்த்தவர்களும் மறுநாள் மலையில் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

இந்த வாசிப்பை நம் விமர்சனம் நியாயமாக நடத்தவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற விமர்சகர் கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதினார். யதார்த்தத்தையும் சமூக உணர்வையும் அவர் அளவுகோலாக வைத்தது காலத்தின் தேவை. மலையக மக்களின் துயரை எழுத்தில் கொண்டுவந்தவர்களுக்கு அந்த அளவுகோல் துணிவு தந்தது. ஆனால் அதே கையால் கற்பனைப் பெருங்கதைகளை 'தப்பித்தல்' என்று ஒதுக்கும் வழக்கமும் நம்மிடம் நிலைத்துவிட்டது. லயத்து அறையில் விளக்கடியில் கதை வாசித்தவர் எதிலிருந்து தப்பினார் என்று கேட்டவர்கள், எதை நோக்கிப் போனார் என்று கேட்கவில்லை. அதே பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றின் மூலம் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்து பிழைத்தது அவரால். ஆனால் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அந்தக் கால அளவு மேடையில் தங்கவில்லை. அது வாசகரிடம்தான் தங்கியது.

ஜெயமோகனின் 'வெண்முரசு' அதற்குச் சான்று. 2014இல் தொடங்கி 2020 வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வந்து, 26 நாவல்களாக நிறைவுற்றது. மகாபாரதத்தின் மறுஆக்கம் ஆதலால் முடிவு யாருக்கும் புதிதன்று. கிளைக்கதையும் குலவரிசையும் நினைவில் நிறுத்தி, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும் பொறுமையை அது கேட்டது. 'அருச்சுனன் தபசு' கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பொறுமையைக் கற்பிக்க வேண்டியதில்லை.

மலையகத்தின் கூத்து வாத்தியார்கள் பலரிடம் பாடல்கள் கைக்கொப்பியில் இருக்கின்றன. மீதி நினைவில் மட்டுமே. பொன்னர் சங்கரைத் தோட்டம் தோட்டமாக முழு நீளத்தில் ஒலிப்பதிவு செய்வதும், கொங்குப் பாடத்தோடு ஒப்பிடுவதும், இதே குடும்பங்களின் அடுத்த தலைமுறை எந்தத் தொடர்களை வாசிக்கிறது என்று கேட்டு எழுதுவதும் ஒரே ஆய்வின் மூன்று பகுதிகள். அதற்கு மிக அருகில் இருப்பது பேராதனைத் தமிழ்த்துறை. வாத்தியார்கள் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த வேலையை ஒலிப்பதிவிலிருந்து தொடங்க வேண்டும்.